நீதி ஊருக்கு, கிருபை எனக்கு

நடந்தவை முதலில், தீர்ப்பு பிறகு.

எங்கள் ஆலயத்து வாசற்படிகளில் மூன்றாவது கல் மழைக்கு வழுக்கும். ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை அதில் தையற்காரர் வழுக்கி விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. மறு ஞாயிறு அதே கல்லில் என் பெரியப்பா வழுக்கி விழுந்தார், கணுக்கால் முறிந்தது. இருவருக்கும் ஒரே மருத்துவர்தான் மாவுக்கட்டுப் போட்டார்.

இவ்வளவும் உண்மை. இனி விளக்கம். தையற்காரர் விழுந்தது தேவ தண்டனை. பெரியப்பா விழுந்தது தேவ சோதனை. விளக்கம் பெரியப்பாவுடையது.

"ரெண்டு மாசமா சபைப் பக்கமே தலை வச்சுப் படுக்கல அந்தத் தையக்காரர். கர்த்தர் எவ்வளவு காலந்தான் பொறுப்பார்?"

"சபைக்கு வராததுக்குத் தண்டனைன்னா, வந்த அன்னைக்கு ஏன் விழுந்தார் மச்சான்?" என்று கேட்டவர் என் மாமா, பெரியப்பாவின் தங்கையை மணந்தவர், குழாய் பழுதுபார்ப்பவர், எங்கே ஒழுகுகிறது என்று தேடியே பழகிய கண் அவருக்கு.

"வீட்டுக்குள்ள விழுந்தா யார் பாக்கறது மாப்பிள்ளை? நாலு பேர் பாக்கற எடத்துல விழ வைக்கறதுதான் தேவ ஞானம்."

"நீங்க விழுந்ததயும் நாலு பேர் பாத்தாங்களே?"

"அது சாட்சிக்காக."

வாசகரே, இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'தீர்ப்புப் பெரியப்பா'; உங்கள் குடும்பத்தில் அது ஒரு மாமாவாகவோ அத்தையாகவோ, அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரராகவோ இருக்கலாம். கடைவீதியில் யாருக்காவது நட்டம் வந்தால் காரணம் சொல்ல முதலில் வந்து நிற்பவர் அவர். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் தட்டிப்போனால் அவளுடைய தகப்பனின் வாலிபக் காலத்தைத் தோண்டி எடுப்பவர் அவர். எவருடைய ரத்த அழுத்தம் ஏறினாலும் அதில் உப்பின் பங்கு எவ்வளவு, உபத்திரவத்தின் பங்கு எவ்வளவு, மறைந்திருக்கும் பாவத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லக்கூடியவர் அவர். அவருக்கே ரத்த அழுத்தம் ஏறினால்? அது பரம்பரை.

கடவுள் நீதியுள்ளவர் என்கிறது விசுவாசம். அவர் இரக்கமுள்ளவர் என்றும் அதே மூச்சில் சொல்கிறது. குற்றத்தைக் குற்றமென்றே சொல்லும் ஒருவர், குற்றவாளியைக் கைவிடாமலும் இருப்பது எங்ஙனம் என்று பெரிய தலைகளெல்லாம் தலைமுறை தலைமுறையாக உடைந்திருக்கின்றன. விடை ஒரு சிலுவையில் தவிர வேறெங்கும் இல்லையென்று முழங்காலில் விழுந்தவர்களும் உண்டு. நம்மவருக்கு அந்தச் சிரமமே இல்லை. அவர் பாகம் பிரித்துவிட்டார். நீதி ஊருக்கு; கிருபை தனக்கு. பத்திரம் பதிவு செய்யாததுதான் பாக்கி.

அவரை ஏமாற்றுக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். பரம்பரை ரொட்டிக்கடையின் தராசில் அவர் ஒருநாளும் விரலை வைத்ததில்லை. மாவுருண்டை ஒரு சிட்டிகை கூடினால் கிள்ளி எடுப்பார். குறைந்தால் கிள்ளி வைப்பார். ரொட்டிக்கு ஒரே தராசுதான். மனிதர்களுக்குத்தான் இரண்டு.

நோயாளிகளைப் பார்க்கப் போவது இவ்வினத்தாருக்கு மிகவும் பிடித்த ஊழியம். அரை டஜன் ஆரஞ்சுப் பழங்களோடு போவார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போடுவார். குரலைத் தாழ்த்துவார். "மனசுல ஏதாவது பாரம் இருக்கா? எதுவானாலும் சொல்லிடுங்க, நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லப்போறதில்ல." ஆரஞ்சை அவர் உரித்துக் கொடுப்பார், பாவத்தை நோயாளி உரித்துக் காட்ட வேண்டும். இதுதான் உடன்பாடு. காட்டாதவர்களுக்குப் பழமும் பாதியில் நின்றுவிடுவதுண்டு.

போதகர் இரக்கத்தைப் பற்றிப் பிரசங்கித்தால் வாசலில் நின்று அவருடைய கையைப் பிடித்துக் குலுக்குவார். "அருமையான பிரசங்கம் ஐயா. கேக்க வேண்டியவங்கதான் வரல." இயேசுவின் பக்கத்துச் சிலுவையில், கடைசி மூச்சில் மன்னிப்புப் பெற்ற கள்ளனைப் பற்றி ஒருமுறை மாமா இடக்காகக் கேட்டபோது, தயங்காமல் விடை சொன்னார்: "அது பரலோகத்துல ஒரே ஒரு எடம் காலியா இருந்துச்சு மாப்பிள்ளை. அன்னைக்கே நிரம்பிடுச்சு."

ஆனால் அவருடைய திறமையின் சிகரம் ஜெபம். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் ஒரு சட்டம் உண்டு. யார் இயற்றியதென்று தெரியாது. ஒருவர் கண்மூடித் தொடங்கிவிட்டால் அவர் 'ஆமென்' சொல்லும்வரை மற்றவர் குறுக்கே பேசலாகாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் எழலாகாது. நேருக்கு நேர் சொன்னால் சண்டையாகிவிடும் சங்கதிகளை ஆண்டவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டால், எதிராளி வாய் திறக்க முடியாதல்லவா? பெரியப்பா இதை நெடுநாளைக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். ஆகவே அவருடைய ஜெபம் விண்ணப்பமாகத் தொடங்கும்; குற்றப்பத்திரிகையாக வளரும். "ஆண்டவரே, மருந்துக்கடைக்கு மேல் மாடியில குடியிருக்கிற தையக்காரரை உமக்குத் தெரியும், பச்சைக் கதவு போட்ட வீடு..." என்று முகவரியோடு சொல்வார். ஆண்டவர் வீடு மாறிப் போய்விடக் கூடாதே.

இந்தக் குற்றப்பத்திரிகைகளில் மிகப் பழையது சித்தப்பாவைப் பற்றியது; பெரியப்பாவின் கடைசித் தம்பி.

அதிலும் நடந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்நாளில் எங்கள் கடையில் விறகடுப்பு. சனிக்கிழமை மாலை தணலை அடுப்பின் உட்பக்கம் தள்ளி, இரும்புக் கதவைச் சாத்தித் தாழிடுவது சித்தப்பாவின் வேலை. அதன் பிறகு குடிப்பதும் அவருடைய வழக்கம். குடித்தால் வீட்டுக்கு வரமாட்டார். கடையிலேயே மாவு மூட்டைகளின்மேல் படுத்துவிடுவார். அப்படிப் படுத்த ஒரு சனிக்கிழமை இரவு கடை எரிந்தது. ஒட்டினாற்போல் இருந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பாவின் இடக்கை வெந்து, விரல்கள் மடங்கிவிட்டன.

இனி பெரியப்பாவின் விளக்கம். அதை எத்தனையோ முறை, ஒரு சொல் பிசகாமல் கேட்டிருக்கிறோம். "குடிச்சுட்டு அடுப்புக் கதவ மூடாம தூங்கிட்டான். மூணு தலைமுறைக் கடை. கர்த்தர் சும்மா விடுவாரா? எந்தக் கை கதவ மூடலையோ அந்தக் கையிலேயே எழுதிட்டார். எல்லாம் போச்சு. என் ஆராதனைக் கோட்டும் போச்சு. கறுப்புக் கோட்டு. பித்தளப் பட்டன்." கடை எரிந்ததைச் சொல்லும்போது கலங்காத அவர் கண் கோட்டைச் சொல்லும்போது கலங்கும். பிள்ளைகளாகிய நாங்கள், "பித்தளப் பட்டன்" வரும் இடத்தில் அவரோடு சேர்ந்து ஓசையின்றி உதடசைப்போம்.

சித்தப்பா மறுத்துப் பேசவில்லை. கைக்கட்டு அவிழ்ந்ததும் ஒரு பையோடு போய்விட்டார். தொலைவில் வேறொருவருடைய அடுமனையில் வேலை; அங்கேயே ஓர் ஓரத்தில் படுக்கை. குடியை அன்றே விட்டுவிட்டார் என்று அத்தை சொல்வாள். "பயத்துல விட்டான்; பக்தியில விடல" என்பார் பெரியப்பா. வீட்டில் மணம் நடந்தது, மரணம் நடந்தது, சித்தப்பா அழைக்கப்படவில்லை. "நானா தடுக்கறேன்? தேவ நீதி தடுக்குது" என்பதே விடை.

பெரியப்பாவின் கணுக்காலில் மாவுக்கட்டு இருந்த அந்த மழைக்காலத்தில்தான் சித்தப்பா திரும்பி வந்தார். மருத்துவமனையில் நெஞ்சில் நீர் எடுத்து அனுப்பியிருந்தார்கள். தனியாக இருக்கக் கூடாது என்றார் மருத்துவர். அடுமனைக்காரரோ, வேலை செய்ய முடியாதவருக்குப் படுக்கை எதற்கு என்று கேட்டுவிட்டார். எங்கள் வீட்டின் பின்னறையில் பழைய ரொட்டித் தட்டுகளும் கால் உடைந்த இரண்டு நாற்காலிகளும் இருந்தன. அந்த அறையைச் சித்தப்பாவுக்குக் கொடுப்பதா, வேண்டாமா? ஞாயிறு ஆராதனை முடிந்து முன்னறையில் கூடினோம். பெரியப்பா முறிந்த காலை முக்காலியின்மேல் நீட்டியிருந்தார். பெரியம்மா, அத்தை, மாமா, நான். வாசலை ஒட்டிய நாற்காலியில், மடியில் பையோடு, சித்தப்பா. பையைக் கீழே வைக்கலாமென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"அண்ணே, பின்னாடி ரூம் சும்மாத்தானே கெடக்கு?" என்றாள் அத்தை. "ஓட்டத் தட்டுக்கெல்லாம் தனி ரூம். கூடப்பொறந்தவனுக்கு இல்லையா?"

"குடுக்கறதுக்கும் மறுக்கறதுக்கும் நான் யாரும்மா? மனந்திரும்பினவனுக்கு வாசல் எப்பவும் தெறந்துதான் இருக்கு. ஆனா அதுக்கு ஒரு அடையாளம் வேணும்ல?"

"என்ன அடையாளம் மச்சான்? போட்டோ ஒட்டினதா?" என்றார் மாமா.

"நீங்க வெளையாடாதீங்க மாப்பிள்ளை. செஞ்சத வாயால ஒத்துக்கணும். 'நான்தான் கதவ மூடாம விட்டேன், என்னாலதான் எல்லாம் அழிஞ்சுது'ன்னு கர்த்தர் முன்னால சொல்லணும்."

சித்தப்பா தலைநிமிரவில்லை. "எத்தனை தடவ வேணும்னாலும் சொல்றேண்ணே" என்றார். சொல்லும்போதே இருமல் வந்தது.

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? கர்த்தர்கிட்ட கேப்போம்" என்று பெரியப்பா கண்களை மூடினார். வழக்கு அவருடைய நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

வாசகரே, அந்த ஜெபத்தை முழுவதும் எழுதினால் உங்களுக்கும் முழங்கால் வலிக்கும். நீதியின் அக்கினி வந்தது, விறகடுப்பு வந்தது, வெந்த கை வந்தது, கறுப்புக் கோட்டு வந்தது, பித்தளைப் பட்டனும் வந்தது. 'உமது நீதி தாமதித்தாலும் தவறுவதில்லை' என்று முடித்தார். அடுத்து அத்தை, பாதியில் அழுதுவிட்டாள். அடுத்து மாமா, அவருடைய ஜெபம் ஆண்டாண்டாக ஒன்றுதான்: "ஆண்டவரே, உமக்குத் தெரியாததா. ஆமென்." அடுத்த முறை பெரியம்மாவுடையது.

பெரியம்மாவின் ஜெபத்தை யாரும் உற்றுக் கேட்பதில்லை. மழைக்கு நன்றி, பிள்ளைகளுக்குச் சுகம், பெரியப்பாவுக்கு நல்ல தூக்கம், அவ்வளவில் முடிந்துவிடும்.

"ஆண்டவரே, மழைக்காக ஸ்தோத்திரம்" என்று அன்றும் தொடங்கினாள். "அன்னைக்கும் மழைதான். அந்தச் சனிக்கிழமையும் மழை. இவரோட கறுப்புக் கோட்டு காயவே இல்ல. மறுநாள் சபையில வேதபாடம் வாசிக்கறது இவர் முறை. வெறும் சட்டையோட போங்களேன்னு சொன்னேன். நாலு பேர் முன்னாடி நிக்கணுமேன்னார். சாப்பிட்டு முடிச்சு, கோட்டத் தூக்கிட்டுக் கடைப்பக்கம் போனார். திரும்பி வரும்போது கையில கோட்டு இல்ல. உமக்குத் தெரியும்."

"ஆமென்" என்றார் பெரியப்பா, உரத்த குரலில்.

யாரும் வழிமொழியவில்லை.

"இன்னும் முடியல ஆண்டவரே" என்றாள் பெரியம்மா, கண்ணைத் திறக்கவில்லை. "சாம்பலக் கூட்டி அள்ளினவ நான். அடுப்பு வாய்க்கு நேர் எதிர்ல நாற்காலி ஆணியும் பித்தளப் பட்டனும் ஒண்ணாக் கெடந்துச்சு. தாழ்ப்போட்டிருந்த கதவத் தெறந்துவிட்டு, அனல்ல காயட்டும்னு கோட்ட நாற்காலி மேல போட்டுட்டு வந்திருக்கார். பட்டனப் பொறுக்கிக் குப்பையில போட்டவளும் நான்தான். நாங்க ரெண்டு பேரும் அன்னையிலேருந்து உம்மகிட்ட இரக்கம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். தனித்தனியா. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்காம. இந்தத் தம்பிக்கு மட்டும் கேக்கவே இல்ல. கடைப் பின்வாசல் தாழ்ப்பாள் பழுக்கக் காஞ்சிருந்துச்சு. அத வெறுங்கையால இழுத்துத் தெறந்து ஓடிவந்து எங்களத் தட்டி எழுப்பினது இந்தத் தம்பிதான். அந்தக் கையத்தான் ஊரெல்லாம் உம்ம தண்டனைக்கு அடையாளம்னு சொன்னோம். எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல ஆண்டவரே. ஆமென்."

"ஆமென்" என்றார் மாமா. வாழ்நாளில் முதன்முறையாக அதை அவர் முழுமனத்தோடு சொல்லிக் கேட்டேன்.

முதலில் பேசியவர் சித்தப்பா. கோபம் வரும் என்று எதிர்பார்த்தோம். அவர் கேட்டது வேறு.

"அண்ணி, அப்ப கதவு... நான் மூடியிருந்தேனா?"

"மூடித்தான் இருந்துச்சு தம்பி."

"மூடின மாதிரித்தான் எனக்கும் ஞாபகம். தாழ்கூடப் போட்டேன். அண்ணன் இல்லன்னாரு. குடிச்சவன் ஞாபகந்தானேன்னு விட்டுட்டேன்." மடங்கிய விரல்களை வலக்கையால் மெல்ல நீவிக்கொண்டார், யாரோ இரவல் வாங்கிப் போயிருந்த பொருள் திரும்பி வந்ததுபோல.

இனி பெரியப்பா அழுவார், தம்பியின் காலில் விழுவார் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள். கால் மாவுக்கட்டில் இருந்தது என்பதை மறந்துவிட்டீர்கள். கண்களை மூடியவாறே இருந்தார். அந்தச் சில நிமிடங்கள் அவருக்குள் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே ஏதோ ஒன்று நடந்தது என்றே நினைக்கிறேன். பிறகு கண்ணைத் திறந்தார், முகம் தெளிந்திருந்தது.

"கர்த்தர் எங்கிட்ட பேசினார்."

"என்ன சொன்னார் மச்சான்?"

"மன்னிச்சிடுன்னார்."

"யார?"

"தம்பியத்தான். வேற யார?" என்றவர், கையை நீட்டினார். "மன்னிச்சுட்டேன்டா. முழு மனசோட. இனிமே அந்தப் பேச்சே நம்ம வீட்டுல எடுக்கக் கூடாது."

"அந்தக் கோட்டு?" என்றார் மாமா.

"அதுதான் சோதனைங்கறது. சாத்தான் எப்படிக் கண்ணி வைக்கறான் பாருங்க மாப்பிள்ளை. கர்த்தர் சமுகத்துக்குப் போட்டுப்போற கோட்ட வச்சே."

மாமா எழுந்துவிட்டார், அத்தை அவருடைய சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். சித்தப்பா மட்டும் நீட்டிய கையைப் பற்றிக்கொண்டு, "சரிண்ணே" என்றார். அந்தச் சொல்லில் கேலி இருந்ததா என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. இல்லை. கடவுளுடைய இரக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அதன் குரல் அந்தச் 'சரிண்ணே'யைப் போல் இருக்கலாம். பிறகு அவர் பையைக் கீழே வைத்தார். "தட்டெல்லாம் நானே எடுத்து அடுக்கிக்கறேன் அண்ணி" என்று பின்னறைக்குப் போனார்.

மறு ஞாயிறு ஆலயத்தில் பெரியப்பா ஊன்றுகோலோடு எழுந்து நின்று சாட்சி சொன்னார். உடன்பிறந்தவனைப் பூரணமாக மன்னிக்கக் கர்த்தர் தமக்குப் பாராட்டிய கிருபையைப் பற்றி. குடும்பச் சொத்தே அழிந்தும், தம்முடைய கறுப்புக் கோட்டே அழிந்தும். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மணிக்கட்டில் கட்டோடு தையற்காரரும் துடைத்துக்கொண்டார். போதகர் அன்று பேசவிருந்ததை விட்டுவிட்டு இரக்கத்தைப் பற்றியே பேசினார். வெளியே வரும்போது மழை. மூன்றாவது கல்லில் ஊன்றுகோல் வழுக்கியது. சித்தப்பா முழங்கையைப் பிடித்துக்கொண்டார், அந்த இடக்கையால். அப்படியே நின்றவாறு பெரியப்பா போதகரிடம் சொன்னார்:

"அருமையான பிரசங்கம் ஐயா. கேக்க வேண்டியவங்கதான் வரல."

சிரிக்கிறீர்கள், வாசகரே, சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டிருந்தபோதே உங்கள் மனத்தில் ஒரு முகம் வந்து நின்றதல்லவா? 'அட, அச்சு அசல் நம் அவர்' என்று தோன்றியதல்லவா? இந்தப் பக்கங்களை மடித்து அவர் கண்ணில் படுமாறு எங்கே வைக்கலாம் என்றுகூட யோசித்திருப்பீர்கள். தாராளமாக வையுங்கள். வைப்பதற்கு முன், உங்களுடைய கோட்டு இப்போது எந்த அடுப்பின் எதிரில் காய்ந்துகொண்டிருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கள் குடும்பத்தாரின் பிறப்பு, இறப்பு, போக்குவரவுகளைக் குறித்து வைக்கும் பொறுப்பு எனக்கு. காரணங்களுக்கு அங்கே இடம் கிடையாது. சித்தப்பாவை அடக்கம் செய்த மாலை அவருக்கு நேரே நான் எழுதியது இவ்வளவுதான்:

வீட்டுக்கு வெளியே, பதினாறு ஆண்டுகள். பின்னறையில், இரண்டு.